வந்த நேரம், போன நேரம்

முதலில் தேத்தண்ணியைக் குடியுங்கள், ஐயா. ஆறினால் நன்றாக இராது. சத்தம் போட்டுக் கேட்கத் தேவையில்லை. அறுபத்து மூன்று வயதானாலும் என் காது சுத்தம். பாக்கியரத்தினத்துக்கு என்ன நடந்தது என்றுதானே கேட்கிறீர்கள்? ஒளிக்க ஒன்றுமில்லை. ஒழுங்காகவே சொல்கிறேன்.

என் பெயர் எல்சி. துறைமுகத்துப் பண்டகசாலை ஒன்றின் வாசலில் முப்பத்தொரு வருடம் இருந்தவள். வருகிறவருடைய பெயர், வந்த காரியம், வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. வந்த நேரம் எழுதாதவரை வெளியே விடக்கூடாது என்பது எங்கள் சட்டம். உள்ளே வராத ஒருவர் எப்படி வெளியே போவார்? ஒருமுறை மனேச்சரையே பின்னேரம் வரை உள்ளே மறித்து வைத்திருந்தேன். நான் ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டவரும் அவர்தான். கொஞ்சம் அவசரமாகவே போட்டார்.

என் வீட்டு வளவில் அப்பா கல்லடுக்கிக் கட்டிய மாதா கெபி ஒன்று இருக்கிறது. கைத்தொலைபேசியில் பறவை பிடிக்கும் விளையாட்டுக்காரருக்கு அது ஒரு கோட்டை. கெபிக்குப் பக்கத்தில் வந்து நின்றால்தான் திரையில் பறவை அகப்படுமாம். திருகோணமலையில் வேலை வெட்டி உள்ளவர்களும் இல்லாதவர்களும் என் வளவில்தான் நின்றார்கள். ஓட்டோக்காரர், வங்கிக்காரர், கலியாண உடுப்போடு ஒரு சோடி. மாப்பிள்ளை மாதாவுக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். பக்தி என்று நினைத்து நானும் சிலுவை அடையாளம் போட்டேன். பறவை தாழப் பறந்ததாம்.

அவர்கள் வந்தது எனக்குக் கரைச்சல் இல்லை. வாசலால் வராததுதான் கரைச்சல். படலையடியில் மேசை போட்டு, புதிய பதிவுப் புத்தகம் வைத்து, பேனையை நூலில் கட்டிவிட்டுக் காலையிலிருந்து காத்திருப்பேன். எல்லாரும் பக்கத்து ஒழுங்கை மதிலால் குதித்தார்கள். அங்கிருந்து கெபி கிட்டவாம். கொள்கலன் லொறிகளைக் கையைக் காட்டி நிறுத்தியவள் நான். என்னை, யாரோ ஒரு கிழவி வெயில் காய்கிறாள் என்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனார்கள். அது எனக்குச் சுட்டது, ஐயா.

ஒரே ஒருவர் வாசலால் வந்தார். அவர்தான் பாக்கியரத்தினம், காப்புறுதி முகவர். முத்து முத்தான எழுத்து. வந்த காரியம் 'பறவை'. வந்த நேரம் மூன்று ஐம்பது, போன நேரம் நாலு இருபது. பனங்கட்டியோடு தேத்தண்ணி கொடுத்தேன். "நீங்கள் வாசல்ல இருக்கிறது எங்களுக்கும் ஒரு பாதுகாப்புத்தான், அன்ரி" என்றார். அன்றைக்கு எனக்கு நல்ல நித்திரை.

அடுத்த நாள் அவரும் மதிலால் குதித்தார்.

"என்ன தம்பி, வாசல் தெரியேல்லையோ?" என்று கேட்டேன்.

"அவசரம் அன்ரி. விளையாட்டு மெப்பில இது பொது இடம் எண்டுதானே காட்டுது."

"என்ர காணி உறுதியில அப்பிடிக் காட்டேல்லை."

"கோவியாதேங்கோ. நாளைக்கு வந்து ரெண்டு நாளுக்கும் சேர்த்துக் கையெழுத்து வைக்கிறன்."

மறுநாளும் மதில்தான். அதற்கு மறுநாளும் மதில்தான். மற்றவர்கள் வாசலை அறியாதவர்கள், மன்னிக்கலாம். இவர் அறிந்தவர். என் தேத்தண்ணியைக் குடித்தவர்.

மதிலுக்கும் கெபிக்கும் நடுவில் ஒரு பாழ்கிணறு இருக்கிறது. பதினைந்து அடி, சொட்டுத் தண்ணீர் இல்லை. பலகை மூடி உக்கிப்போய் உடைந்தது என்று நான் சொல்லலாம். ஆனால் பொலிசுக்குப் பொய் சொல்லக்கூடாது. மூடி நல்ல மூடி. தம்பலகாமத்திலிருந்து ட்ரக்டரில் வைக்கோல் எடுப்பித்து, கிணற்றுக்குள் இடுப்பளவுக்குப் போட்ட பிறகுதான் நான் அதை இழுத்து அகற்றினேன். விழுகிறவருக்கு நோகக்கூடாது அல்லவா? மேலே தறப்பாள், தறப்பாளுக்கு மேலே சருகு. செவ்வாய்க்கிழமை மூன்று ஐம்பதுக்கு அவர் குதித்தார். எப்போதுமே நேரம் தவறாதவர்.

அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. மூன்று நேரமும் வாளியில் சாப்பாடு. ஒரு பிளாஸ்ரிக் கதிரை, குடை, செபப் புத்தகம். சூடை மீனில் முள் கூட என்றார். அடுத்த நாள் பாரை வாங்கினேன். விழும்போது அவருடைய கைத்தொலைபேசி மேலே தெறித்துவிட்டது. அதைச் சார்ச்சில் போட்டு, அவருக்காக நானே பறவைகளையும் பிடித்து வைத்தேன். மனைவி ஜெஸ்மின் எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டு எழுதினார். 'மூதூரில் அருமையான பறவை ஒன்று, பிடித்துக்கொண்டுதான் வருவேன்' என்று பதில் போட்டேன். 'தெரியும்' என்று மட்டும் வந்தது. அதற்குப் பிறகு இரண்டு நாள் ஒரு வார்த்தை இல்லை. பாவம் அந்த மனுசன்.

அவர் கத்தத்தான் செய்தார். கெபியடிக்கு வந்தவர்களுடைய காதெல்லாம் பாட்டு. ஒருவர் மட்டும் எட்டிப் பார்த்து, "உள்ளுக்க என்ன பறவை, அண்ணை?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நேற்று அழுதார். "புத்தகத்தை வாளியில இறக்குங்கோ அன்ரி, எத்தினை கையெழுத்து வேணுமெண்டாலும் வைக்கிறன்." எனக்கும் கண் கலங்கியது. ஆனால் பதிவுப் புத்தகம் வாசல் மேசையை விட்டு அகலக்கூடாது. வாசலுக்கு வந்து வைத்தால் நான் ஏன் மறிக்கப் போகிறேன்?

கெபியை அந்த விளையாட்டில் சேர்த்தது யார் என்று நீங்கள் எப்படியும் விசாரிப்பீர்கள். நான்தான். தோப்பூரில் இருக்கும் பெறாமகள் லதுஷா காட்டித் தந்தாள். படம் எடுத்து, 'எல்லாரும் வந்து போகும் இடம்' என்று எழுதி அனுப்பினேன். ஓய்வு பெற்ற முதல் வருடம் என் படலையைத் திறந்தது மின்மானி பார்க்க வந்தவரும் ஒரு மாடும்தான். மாடு இரண்டு தரம் வந்தது. ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆள் துணை தேடுகிற பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. எனக்கு வேண்டியது ஒழுங்கு.

உங்களிடமும் அதைத்தான் கேட்டேன், ஐயா. ஜெஸ்மின் முறைப்பாடு கொடுத்து, அவருடைய கைத்தொலைபேசி என் வளவில் இருப்பதைக் கண்டுபிடித்து நீங்கள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியபோது, எழும்பி நின்று புத்தகத்தைத் திருப்பி வைத்தேன். "பொலிசுக்கு என்ன கையெழுத்து?" என்று சொல்லி மேசையைத் தாண்டி நடந்தீர்கள். பாக்கியரத்தினத்தின் குரல் கேட்டதும் ஓடினீர்கள். அவருக்கு வெயில் படாமல் தறப்பாளை மேலே விரித்திருந்தேன். அதைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏணி குசினிச் சுவரில்தான் சாத்தியிருக்கிறது. இறக்குவது ஒரு நிமிட வேலை. ஆனால் வந்த நேரம் இல்லாத இரண்டு பேருக்குப் போன நேரத்தை நான் எப்படி எழுதுவேன்?

பாக்கியரத்தினம், கதிரையைக் கொஞ்சம் ஐயாவுக்கு விடுங்கள்; அவருக்குக் கால் சுளுக்கிவிட்டது. இரண்டு கோப்பையையும் வாளியில் வையுங்கள், இழுக்கிறேன். இரவைக்குப் புட்டுத்தான். கன காலத்துக்குப் பிறகு மூன்று பேருக்கு அவிக்கப் போகிறேன்.