இரண்டு பக்கமும் நிழல்

மழைக்காலத்தில் வாழ்த்து அட்டை செய்வது சிரமம், மேடம். கல்மண்டபம் மாதிரிக் கடலை ஒட்டிய இடத்தில் காகிதம் ஒரே நாளில் நமுத்துவிடும். ரப்பர் ஸ்டாம்பை அழுத்தி எடுத்தால் மை ஓரமாகக் கசியும். கிறிஸ்துமஸ் அட்டைகளையோ மழை மாதத்தில்தான் செய்தாக வேண்டும். அதனால் காகிதக் கட்டுகளைப் பருப்பு மூட்டைகளுக்கு நடுவில் வைத்திருப்போம். பருப்பு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த யோசனை என்னுடையது. எங்கள் வீட்டில் அட்டை விஷயத்தில் என்னுடையது என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

என் தம்பி மனைவி பெனிஷா உங்களிடம் சொன்னதில் பொய் எதுவும் இருக்காது. அவளுக்குப் பொய் வராது. ஆனால் ஏன் என்பது அவளுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் நானே ஸ்டேஷனுக்கு எழுந்து வந்தேன். நீங்கள் ஆள் அனுப்பியிருக்க வேண்டியதே இல்லை.

டென்னிஸ் என் தம்பி. அப்பா உடன்குடியிலிருந்து வந்து ராயபுரத்தில் பருப்பு, வற்றல் மொத்த வியாபாரம் தொடங்கினார். அம்மா போனபோது தம்பி பள்ளிக்கூடப் பையன். அதன்பிறகு அவனுக்குச் சோறு போட்டது, காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது, அப்பாவுக்குப் பின் கடையில் அவனை உட்கார வைத்தது எல்லாம் நான். எனக்கும் வரன்கள் வந்தன. எல்லாம் தூரத்து ஊர்கள். அவனை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டேன். எல்லாரையும் திருப்பி அனுப்பினேன். நான் தியாகம் எதுவும் செய்துவிட்டதாக நினைப்பதில்லை. பிடித்துத்தான் இருந்தேன்.

பெனிஷாவை அவனுக்குப் பார்த்து முடித்ததும் நான்தான். நல்ல பெண். வந்த புதிதில் ஒரு பெட்டி நிறைய ரப்பர் ஸ்டாம்புகளும் கலர் பென்சில்களும் கொண்டுவந்தாள். கடைக்கு மேலே இருந்த அறையில் உட்கார்ந்து அட்டை செய்வாள். பூவை அச்சிட்டு, பென்சிலால் மெல்லத் தீட்டி, நனைந்த பிரஷ்ஷால் அந்தக் கோடுகளை இழுத்துவிடுவாள். பென்சில் கோடு போய் வெறும் நிறம் மட்டும் நிற்கும். சில அட்டைகளில் ஈர மையின் மேல் ஒரு பொடியைத் தூவிச் சூடு காட்டுவாள். பொடி உருகி எழுத்து மினுமினுவென்று எழும்பி வரும். தெருப் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வந்தார்கள். பிறகு பெரியவர்கள். பிறகு சர்ச் வளாகத்தில் நடக்கும் கோயில் விற்பனைக்கு அட்டை கேட்டு ஆட்கள்.

என்னையும் அவள் கூப்பிட்டு உட்கார வைத்தாள். "மைனி, சும்மா இருக்க நேரத்துல வாங்க, கை பழகிரும்" என்றாள். நான் சும்மா இருப்பதாக அவளுக்குத் தோன்றியிருக்கிறது. போனேன். ஒன்றை மட்டும் எத்தனையோ தடவை சொன்னாள். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று முதலில் முடிவு செய்ய வேண்டுமாம். நிழல் அதற்கு எதிர்ப் பக்கத்தில்தான் விழ வேண்டுமாம். நான் இரண்டு பக்கமும் தீட்டிவிடுவேன். எனக்கு அப்படித்தான் முழுமையாகத் தெரிந்தது. அவள் சிரித்துக்கொண்டே மறுபடி சொல்லிக்கொடுப்பாள்.

பாரி அந்த வகுப்புக்கு வந்தவன். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வீடு. பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. கல்யாணமானவன். அழிரப்பரிலும், லினோலியம் என்கிற தரைவிரிப்புத் துண்டிலும் ஸ்டாம்ப் செதுக்குவான். கட்டுமரம், கிரேன், ரயில் பெட்டி, மல்லிகைச் சரம், எதைக் கேட்டாலும். பிள்ளைகள் தங்கள் பெயரைத் தாங்களே அச்சிடட்டும் என்று தமிழ் எழுத்துகள் ஒவ்வொன்றையும் செதுக்கிக் கொண்டுவந்து கொடுத்தான். கடையில் விற்கிற ஸ்டாம்ப் மாதிரி இல்லாமல் அதில் கத்தி போன தடம் தெரியும். யார் பார்த்தாலும் அவன் கை என்று சொல்லிவிடலாம். பெனிஷாவை டீச்சர் என்பான். என்னை யக்கா என்பான். மரியாதையான ஆள். அவனுக்கு நான் காகிதக் கப்பில் காபி கொடுப்பேன். அது சுத்தத்துக்காக. மற்றவர்களுக்கு டம்ளரில் கொடுத்தேனா என்று நீங்கள் கேட்கலாம். கொடுத்தேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் பழக்கம். நான் சாதி பார்க்கிறவள் இல்லை.

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் கோயில் விற்பனையில் என் அட்டைகளையும் ஒரு மூலையில் வைத்தார்கள். கட்டுமரத்தின் மேல் நட்சத்திரம் வைத்த அட்டை. நான் பக்கத்தில் நிற்கவில்லை. சாயங்காலம் பெனிஷா வந்து, எல்லாம் போய்விட்டது, ஒன்றுகூட மிச்சமில்லை என்றாள். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, மேடம். இந்த வயதில் அப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. டென்னிஸிடம் சொன்னேன். அவனும் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது பெனிஷாவின் அலமாரியில் துணிக்கு அடியில் என் அட்டைகள் இருந்தன. உறைகூடப் பிரிக்கவில்லை. அவள் ஒளிக்கவும் தெரியாதவள். கேட்டதும் சொல்லிவிட்டாள். யாரும் வாங்கவில்லையாம். நான் மனசு உடைந்துபோவேன் என்று பாரியைக் கூப்பிட்டு, வெளி ஆள் மாதிரிப் போய் வாங்கிவரச் சொன்னாளாம். டென்னிஸுக்கும் தெரியுமாம். "உங்களுக்காகத்தான் மைனி" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பரவாயில்லை என்று நானே அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

எனக்குக் கோபம் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கோபத்தில் செய்கிறவர்கள் அவசரப்படுவார்கள். நான் தவக்காலம் முடிகிற வரைக்கும் எதுவும் செய்யவில்லை.

முதல் அட்டையில் பாரி செதுக்கிய மல்லிகைச் சரத்தை அச்சிட்டேன். அவன் எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, "என் மை உன் விரலில்" என்று கீழே ஒற்றினேன். பெனிஷாவின் பென்சில் தட்டுக்கு அடியில் வைத்தேன். பிறகு டென்னிஸிடம், கணக்குக்கு ஒரு சிவப்புப் பென்சில் வேண்டும், மேலே போய் எடுத்துவா என்றேன். அவன் பென்சிலோடு இறங்கிவந்தான். அட்டையைப் பார்த்துவிட்டான். பிள்ளையின் முகம் எனக்குத் தெரியாதா.

இரண்டாவது அட்டைதான் நான் செய்ததிலேயே நல்லது. ரயில் பெட்டியை அச்சிட்டு, அதே படத்தை வேறு தாளில் அச்சிட்டு வெட்டி, ஜன்னல் இடத்தை மட்டும் திறந்துவிட்டு, அதை மேலே மூடி, அந்த ஜன்னலில் ஒரு பெண் முகத்தை ஒற்றினேன். தாளை எடுத்தால் அவள் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பாள். இதுவும் பெனிஷா சொல்லிக்கொடுத்ததுதான். பெட்டிக்குப் பென்சிலால் நிழலும் தீட்டினேன். "ஜன்னலோரம் உனக்கு இடம் வைத்திருக்கிறேன்" என்று போட்டேன். பெனிஷாவின் வேதாகமத்துக்குள் செருகி, வேதாகமத்தைத் தம்பியின் தலையணைப் பக்கம் வைத்தேன்.

ஏன் பாரி என்று கேட்பீர்கள். வகுப்புக்கு வேறு ஆண்களும் வந்தார்கள். எங்கள் ஆட்களும் வந்தார்கள். அவர்களில் ஒருவன் என்றால் டென்னிஸ் பெரியவர்களைக் கூப்பிட்டுப் பேசியிருப்பான், அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பியிருப்பான், பிறகு அழைத்தும் வந்திருப்பான். வியாசர்பாடிக்காரன் என்றால் பேச மாட்டான். நான் சாதி பார்க்கிறவள் இல்லை என்று சொன்னேன். என் தம்பியை வளர்த்தவள் நான். அவன் எதைப் பார்ப்பான் என்பது எனக்குத் தெரியும்.

அந்த வாரங்களில் அவன் பெனிஷாவோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். அடுக்களைக்கு என்னைத் தேடி வந்தான். சின்ன வயதில் மாதிரி கீழே உட்கார்ந்து தட்டை நீட்டினான். இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கினான். ஒருநாள் தலையைக் குனிந்துகொண்டே கேட்டான்.

"அக்கா, பாரி மேல வரும்போது நீ கூடவே இருப்பியா?"

"நான் கண்டதையெல்லாம் சொன்னா வீடு வீடா இருக்காது, சாப்பிடு" என்றேன்.

அவ்வளவுதான் நான் வாய் திறந்து சொன்னது. யோசித்துப் பாருங்கள், அதில் பொய் ஒன்றுமில்லை. நான் எதையும் கண்டதாகச் சொல்லவில்லை.

மூன்றாவது அட்டையில் படம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஓரத்தில் மட்டும் சின்னதாக ஒரு கட்டுமரம். "சனிக்கிழமை சாயங்காலம். திருவொற்றியூர் கோடவுன்." அதைத் தம்பியின் கண்ணில் படுகிற மாதிரி பெனிஷாவின் ஸ்டாம்ப் பெட்டியில் வைத்தேன். கோடவுன் எங்களுடையது. அங்கே பழைய லினோலியம் கிடக்கிறது, செதுக்க ஆகும், சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள் என்று பாரிக்கு நான் போன் செய்தேன். அவன் சந்தோஷப்பட்டான். "யக்கா, நீ நெனப்பு வெச்சிகினு கூப்பிட்ட பாரு, அதான்" என்றான். பெனிஷாவிடம், கோடவுனில் புதுக் காகிதக் கட்டு இறங்கியிருக்கிறது, நீயே போய்ப் பார்த்து எடு என்றேன். ஆட்டோவும் நான்தான் பிடித்துக்கொடுத்தேன்.

டென்னிஸ் அன்று கடையை நேரத்தோடே பூட்டினான். அட்டை அவன் சட்டைப் பையில் இருந்தது. நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பான். நான் கூப்பிட்டு அவன் திரும்பாத நாள் கிடையாது. அடுப்பில் மீன் குழம்பு இருந்தது. உள்ளே போனேன்.

மூட்டை இழுக்கிற கொக்கியால் அடித்தான் என்று சொன்னார்கள். பாரி லினோலியத்தைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தானாம். திரும்பிப் பார்க்கவும் நேரம் இல்லையாம். பெனிஷா நடுவில் விழுந்து கொக்கியைப் பிடித்திருக்கிறாள். அவளுடைய வலது கை விரல்கள் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். லோடுமேன்கள்தான் இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பாரி வழியிலேயே போய்விட்டான்.

தம்பி நேராக வீட்டுக்கு வந்தான். சட்டையைக் கழற்றச் சொல்லி ஊறவைத்தேன். கைகழுவத் தண்ணீர் ஊற்றினேன். தட்டு வைத்தேன். அவன் சாப்பிடவில்லை. அது எனக்கு வருத்தமாக இருந்தது. போலீஸ் வருகிற வரைக்கும் தட்டை எடுக்காமல் வைத்திருந்தேன்.

பாரியின் காரியமெல்லாம் முடிந்த பிறகு அவன் மனைவி எழில்மொழி கடைக்கு வந்தாள். சண்டை போட வரவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்தாள். என்ன நடந்தது என்று சொல்ல அவளுக்கு யாருமே இல்லை. டீச்சர் பேசுகிற நிலையில் இல்லை.

"யக்கா, அவுரு இன்னா தப்பு பண்ணாரு, நீ சொல்லு. டீச்சரப் பத்தி ஒரு வார்த்த தப்பாப் பேச மாட்டாரு. நீ பண்ண அட்டை ஒண்ணு எங்க வூட்டு செவுத்துல கீது. டீச்சரு காசுல வாங்கினது பத்தாதுன்னு, இது நல்லாகீது, நமக்குன்னு தன் காசு குட்த்து ஒண்ணு எட்த்துகினு வந்தாரு. அந்த மாதிரி மனுசன் யக்கா."

துக்கத்தில் இருப்பவர்கள் எதையாவது சொல்வார்கள். நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். அவள் குடிக்காமல் எழுந்து போனாள்.

பிறகு நீங்கள் மூன்று அட்டைகளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் பெனிஷாவிடம் காட்டினீர்கள். அன்று நான் கஞ்சி எடுத்துக்கொண்டு அங்கேதான் நின்றேன். அவள் கட்டுப்போட்ட கையால் அட்டையைத் தொட முடியாமல், என்னை எடுத்துப் பிடிக்கச் சொன்னாள். அந்த ரயில் பெட்டியை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மைனி, நிழல் ரெண்டு பக்கமும் விழுந்திருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். குரல்கூட உயரவில்லை. எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்த மாதிரியேதான் சொன்னாள். நான் கஞ்சியை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள், மேடம். மூன்று அட்டைகளையும் செய்தவள் செல்லக்கனி. பாரியையும் பெனிஷாவையும் அங்கே போகச் சொன்னவள் செல்லக்கனி. ரத்தச் சட்டையைத் துவைத்தவளும் நான்தான். பாரியை டென்னிஸ் கொல்லவில்லை, நான் கொன்றேன். பெனிஷாவின் கையும் என் கணக்கில்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். இப்படி நான் ஒத்துக்கொண்டால் தம்பியை விட்டுவிடுவீர்கள் இல்லையா? அவன் ஏமாற்றப்பட்டவன். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கும்.

நேற்று புழல் சிறைக்குப் போனேன். பெனிஷா சொன்னதையெல்லாம் வக்கீல் அவனிடம் சொல்லிவிட்டாராம். மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். உள்ளே போன காவலர் திரும்பி வந்து, "எனக்கு அக்கா என்று யாரும் கிடையாது, அவளைப் போகச் சொல்லுங்கள்" என்று தம்பி சொன்னதாகச் சொன்னார். வேறு யாரையாவது கேட்டுவிட்டு வந்திருப்பார். அல்லது சிறைச் சாப்பாடு அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வெளியே வரட்டும். பசி வந்தால் அவன் என்னிடம்தான் வருவான், மேடம். அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்.