ப்ளேன் ஸ்டாப்

"ப்ளேன் போயிருச்சுல்ல, இனிமே இந்த பஸ் அங்க நிக்குமா தம்பி?" என்று முன்சீட்டு அக்கா கண்டக்டரைக் கேட்டதும், சிம்மக்கல்லில் பஸ் ஏறியதிலிருந்து ஒரே பக்கத்தில் கிடந்த என் புத்தகத்தை மூடிவிட்டேன்.

விமான நிலைய வேலியோரம் வருஷக்கணக்காக நின்றிருந்த விமானம் அது. இறக்கையில் காத்தாடி வைத்த பழைய பயணிகள் விமானம். என்னைவிட மூத்தது, ஆனாலும் பழுது பார்த்ததும் அன்று காலை பறந்துவிட்டது. அதன் பெயரில்தான் அந்த நிறுத்தம். நிறுத்தத்தை நம்பித்தான் அக்காவின் டீக்கடை.

"போர்டுலயே இல்லாத ஸ்டாப்புக்கா அது. ப்ளேனப் பாக்க சனம் எறங்குச்சு, நிப்பாட்டுனோம்."

"அப்ப நிக்காதா?"

"புளியமரம் ஸ்டாப்புல மரம் இருக்கா?"

"ரோடு போடையில வெட்டிட்டாய்ங்களே."

"தியேட்டர் ஸ்டாப்புல தியேட்டரு?"

"அது கல்யாண மண்டபம் ஆயிருச்சு."

"அங்கெல்லாம் நிக்கிறோமா இல்லையா? நம்ம ஊர்ல பேரு வச்சா வச்சதுதான்க்கா."

கண்டக்டர் விசில் அடித்தார். "ப்ளேனெல்லாம் எறங்கு!"

அக்காவோடு இறங்கிய புதுமணத் தம்பதியர் வெறும் வேலியைப் பார்த்து விழித்தார்கள்.

"ப்ளேன் எங்கக்கா?"

"இப்பத்தான் கெளம்புச்சு. உக்காருங்க, டீ போடுறேன்."