இரண்டு பிரேஸ்லெட்டிலும் ஒரே எண்

மேலே கண்ட பெயரும் விலாசமும் உடைய எனக்கு வயது நாற்பத்தொன்று. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் சரிபார்க்கும் வேலை. கூட வேலை பார்ப்பவர்கள் என்னைப் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். யார் நகை வாங்கினாலும் ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்று பார்த்துச் சொல்ல என்னைத்தான் தேடுவார்கள், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கடந்த செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, என் நாத்தனார் போனில் விளம்பரம் பார்த்து ஆசைப்பட்ட வெளிநாட்டுக் கம்பெனி பிரேஸ்லெட்டைச் சோதித்துப் பார்க்க, விற்பவரின் மூன்றாவது மாடி வீட்டுக்குத் தனியாகப் போனேன். அந்தப் பெண்மணி பெட்டி, பில், கேரண்டி அட்டை எல்லாம் காட்டினார். கனம் சரியாக இருந்தது, கொக்கி அழுத்தமாக மூடியது, கம்பெனி பெயரும் பிசிறில்லாமல் வெட்டியிருந்தது. அதன் பிறகு, நாத்தனாருக்குக் கை கொஞ்சம் பெரிது என்பதால், பெரிய அளவில் இன்னொன்று கேட்டேன். கொண்டுவந்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தால் உள்பக்கம் அதே எட்டு இலக்க எண். அந்தக் கம்பெனி ஒவ்வொரு உருப்படிக்கும் தனித்தனி எண் போடும். நான் பேசாமல் எழுந்து வந்திருக்க வேண்டும். என் வாய் சும்மா இருந்தால்தானே! "என்னங்க இது, ரெண்டுலயும் ஒரே நம்பர் இருக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

உடனே உள்ளறையிலிருந்து அவருடைய தம்பி வந்து வாசல் கதவைத் தாழிட்டு, மேசையில் இருந்த என் போனை எடுத்துக்கொண்டார். அவர் சத்தம்கூடப் போடவில்லை. திரையில் இருந்த என் மகளின் படத்தைப் பார்த்து, "இந்த யூனிபார்ம் தெரியுமே. மூணரைக்குத்தானே விடுவாங்க?" என்றார். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்க, விட்டுடுங்க" என்று கும்பிட்டேன்.

அதன் பிறகு அழைப்பு மணி அடித்தது. தம்பி கதவைத் திறந்தார். ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து உடுப்போடு நேராக வந்த ஒரு நர்ஸ் உள்ளே வந்தார். தன் கல்யாணத்துக்குத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். விற்பவர் என்னைக் காட்டி, "இவங்க லென்ஸ் வச்சே பாத்துட்டாங்க, கேட்டுக்கோங்க" என்றார். என் போன் இன்னும் தம்பி கையில்தான் இருந்தது. "நல்லதாக்கா?" என்று அந்தப் பெண் கேட்டார். "ஒரிஜினல்தான்மா, நம்பி வாங்கு" என்றேன். அவர் பணம் கொடுத்து வாங்கினார். அதன் பிறகு தம்பி என் போனைத் திருப்பித் தந்தார். நான் நேராக மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போய், மணி அடிக்கும்வரை வாசலிலேயே நின்றேன்.

மிரட்டியதால் சொன்னதாக எழுதிக்கொள்ளட்டுமா என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் இன்ஸ்பெக்டர் கேட்டார். மிரட்டியது உண்மை. ஆனால் அந்த நர்ஸ் என்னோடுதான் படி இறங்கினார். "நல்லவேளை நீங்க இருந்தீங்கக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் பேசிக்கொண்டே வந்தார். தெருவுக்கு வந்த பிறகும் நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. பயந்து எதையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

(ஒப்பம்)