அணிலின் பொந்து

கொக்கி ஊசியால் நூலில் மரம் பின்னுவதில் அடிமரமும் சுலபம், இலையும் சுலபம். பொந்துதான் சிரமம். வாய் சிறுத்து, உள்ளே வயிறு பெருத்து இருக்க வேண்டும். வாயை அகலமாக விட்டால் மரம் சாய்ந்தவுடன் உள்ளே வைத்த பொம்மை விழுந்துவிடும். ரொம்பவும் இறுக்கினால் பிள்ளையின் விரல் போகாது. அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். சுற்றிப் பின்னிக்கொண்டு வரும்போது சில நூல்கண்களை விட்டுவிட்டு அந்த இடத்தை வெறும் சங்கிலித் தையல் போட்டுத் தாண்டிவிடுவேன். பிறகு அந்த ஓட்டையிலிருந்து உள்பக்கமாக ஒரு பை பின்னி இறக்குவேன். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் பை இருப்பதே தெரியாது.

உங்கள் மேசைமேல் இருக்கிறதே, அதேதான் ஐயா. கையில் எடுத்துப் பாருங்கள், ஒன்றும் ஆகாது. உள்ளே பால்மாவு டின், அதைச் சுற்றி இலவம்பஞ்சு, அதன்மேல் பழுப்பு நூல். அந்த நூலுக்காகச் சிராங்கூன் ரோடு முழுக்க அலைந்தேன். மேல்பொந்து ஆந்தைக்கு, நடுப்பொந்து அணிலுக்கு, வேரடியில் இருப்பது சருகுமானுக்கு. அணில் இப்போது அதில் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். முதலிலிருந்து சொன்னால்தான் நியாயம் உங்களுக்குப் புரியும்.

அப்போது நாங்கள் பஃப்ளோ ரோட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்தோம். பலகைத் தடுப்பு வைத்த அறைகள். என் கணவர் தங்கராஜு பஸ் ஓட்டுபவர். தடுப்புக்கு அந்தப் பக்கம் லீலா. அவள் புருஷன் துறைமுகத்தில் சங்கிலி அறுந்து விழுந்த மூட்டைக்கு அடியில் போனபோது கண்மணி வயிற்றில் இருந்தாள். பிள்ளைக்குப் பல் முளைக்கும் முன்பே லீலா இருமத் தொடங்கிவிட்டாள். சயரோகம் என்று ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். இந்த ஊரில் அவளுக்கு வேறு நாதியில்லை.

"அக்கா, நான் வர்ற வரைக்கும் பாத்துக்குங்க" என்று பிள்ளையை என் மடியில் போட்டாள்.

வருகிற வரைக்கும் என்றுதான் சொன்னாள், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வார்டுக்குள் போனவர்களில் எத்தனை பேர் நடந்து வெளியே வந்தார்கள் என்று உங்களுக்கும் தெரியும். நான் அவளுக்காக வீரமாகாளியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். முதல் வருஷம் வேண்டிக்கொண்டேன்.

எனக்குப் பிள்ளை தங்கவில்லை. உண்டாகும், கலையும். ஒவ்வொரு தடவையும் தொட்டில் துணியை எடுத்து மடித்துப் புடவைகளுக்கு அடியில் வைப்பேன். கண்மணி வந்த பிறகுதான் அது வெளியே வந்தது. அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டபோது நான் திருத்தவில்லை. ஒரு குழந்தையைப் போய் யாராவது திருத்துவார்களா?

குவீன்ஸ்டவுனில் எங்களுக்குப் புது வீடு கிடைத்தது. அங்கே எல்லாரும் அவளை என் மகள் என்றே நினைத்தார்கள். மேல்வீட்டு மலாய்க்காரம்மா கண்மணிக்கு என் மூக்கு என்று சொல்வாள். அன்றெல்லாம் கண்ணாடி முன்னால் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததே இல்லை.

நான் கல்நெஞ்சக்காரி இல்லை. மாதம் தவறாமல் லீலாவைப் போய்ப் பார்த்தேன், மிளகு ரசம் கொண்டு போனேன். குழந்தைகளை அந்த வார்டுக்குள் விடமாட்டார்கள், அது என் குற்றமில்லை. அங்கே ஒரு வெள்ளைக்காரம்மா வந்து நோயாளிகளுக்குக் கொக்கி ஊசியில் பின்னக் கற்றுக்கொடுத்தாள். லீலாவும் கற்றுக்கொண்டு ஓர் அணில் பின்னி, "என் மவகிட்ட குடுங்கக்கா" என்று கொடுத்தனுப்பினாள். ஒரு காது பெரிது, ஒரு காது சிறிது, வால் கோணல். பஸ்ஸில் வரும்போதே கால்வாயில் வீசியிருக்கலாம். வீசவில்லை. கொதிக்கிற வெந்நீரில் போட்டு எடுத்துக் காயவைத்துப் பிள்ளையிடம் கொடுத்தேன். நான் பின்னியதாகச் சொன்னேன். வார்டில் கிடக்கிறவள் பெயரைச் சொல்லி ஒரு பிள்ளையைக் குழப்ப எனக்கு மனம் வரவில்லை.

கண்மணி அதை விடவே இல்லை. சாப்பிட, தூங்க, குளிக்க எல்லாவற்றுக்கும் அந்தக் கோணல்வால் வேண்டும். நான் ஆந்தை பின்னினேன், கண்ணுக்கு மணி வைத்தேன். சருகுமான் பின்னினேன், கால்கள் நூல் பிடித்தாற்போல் நின்றன. பார்த்துச் சிரிப்பாள், அவ்வளவுதான். எனக்கு எரிந்தது. அப்புறம்தான் மரம் பின்ன யோசனை வந்தது. அந்த அணில் கொஞ்ச நேரமாவது என் கண்ணில் படாமல் உள்ளே கிடக்கட்டும் என்று பின்னினேன். மரம் பிள்ளைக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

பஃப்ளோ ரோட்டில் எங்களோடு இருந்த அன்னம்மா அவ்வப்போது குவீன்ஸ்டவுனுக்கு வந்துபோவாள். அவளுக்கு வாயை மூடத் தெரியாது. ஒரு நாள் பிள்ளையின் தாடையைப் பிடித்து, "உங்கம்மா உன்னையேதான் கேட்டுக்கிட்டு இருக்கா லா" என்றாள். கண்மணி என்னைப் பார்த்தாள். அன்று இரவு, நீ என் அம்மா இல்லையா என்று கேட்டாள். அவளைத் தூங்க வைத்துவிட்டு நான் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாளிலிருந்து விளையாட்டு. மரத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்பேன். கதவு தட்டுகிறது, அணில் என்ன செய்யும்? உள்ளே போய்விடும். சத்தம் போடுமா? போடாது, போட்டால் பருந்து தூக்கிக்கொண்டு போய்விடும். அழுகை வந்தால்? வாயைப் பொத்திக்கொள்ளும். நாலு வயசுப் பிள்ளைக்கு அது பாடம் மாதிரி ஆகிவிட்டது.

கூடத்தில் ஒரு கற்பூரமரப் பெட்டி இருந்தது. சீனத் தச்சன் செய்தது. பட்டுப்புடவை வைக்கிற பெட்டியாதலால் பூச்சி நுழையாதபடி மூடி கச்சிதமாகப் படியும். இதுவும் மரம்தான், இதுதான் உன் பொந்து என்று காட்டினேன். கதவு தட்டினால் அணிலைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் உள்ளே படுத்துக்கொள்வாள். மூடிக்கு அடியில் ஒரு நூல்கண்டைச் செருகி வைப்பேன், காற்றுப் போக. வந்தவர்கள் போனதும், "ஜெயிச்சுட்டே" என்று சொல்லி ஒரு தேங்காய் பன் கொடுப்பேன். அன்னம்மா எத்தனையோ தடவை வந்து, பிள்ளை எங்கே என்று கேட்டு, விளையாடப் போயிருக்கிறாள் என்ற பதிலோடு திரும்பிப் போனாள். என்னிடம் கேட்டால் உலகத்திலேயே சமத்தான பிள்ளை அவள்தான்.

லீலா சாகவில்லை. புது ஊசி, புது மாத்திரை. ஒவ்வொரு மாதமும் கன்னத்தில் சதை வைத்துக்கொண்டு வந்தாள். ஒரு நாள், இன்னும் கொஞ்ச நாளில் வெளியே விடப்போகிறார்கள், கேலாங்கில் ஒரு சலவைக்கடையில் வேலையும் தங்க அறையும் கிடைத்திருக்கிறது, கண்மணியைக் கூட்டிப்போக வருகிறேன் என்றாள். நான் சிரித்துக்கொண்டு ரசத்தை ஊற்றிக் கொடுத்தேன்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "பெத்தவ வந்து கேக்குறா. குடுத்துரு மங்களம்" என்றார். ஆண்களுக்கு எல்லாமே பஸ் மாதிரி. இறங்குகிறவர்கள் இறங்குவார்கள்.

நான் கொடுத்திருப்பேன், ஐயா. கொஞ்ச நாள் கழித்துக் கொடுத்திருப்பேன். அவள் நெஞ்சு முழுசாக ஆறியதா என்று யாருக்குத் தெரியும்? அந்த மூச்சுக்காற்று பிள்ளைமேல் படக்கூடாது. பிள்ளை நல்ல காற்றைச் சுவாசிக்க வேண்டும் என்பதுதான் என் ஒரே எண்ணம்.

அவள் சொன்ன நாளைக்கு முன்பே வந்துவிட்டாள். மத்தியானம், வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். கதவு தட்டும் சத்தம் கேட்டதும் கண்மணி அணிலோடு பெட்டிக்குள் போய்விட்டாள். நான் நூல்கண்டை வைத்துவிட்டு ஜன்னல் வழியே பார்த்தேன். அன்னம்மா இல்லை, லீலா. கையில் ஒரு சின்னக் கவுன். மூடி தூக்கிக்கொண்டிருந்தது கண்ணை உறுத்தியது. நூல்கண்டை எடுத்தேன். நாதாங்கியில் குச்சியைச் செருகினேன். பூத்துணியை மேலே விரித்தேன். பிறகு போய்க் கதவைத் திறந்தேன்.

"எங்கக்கா என் புள்ள?" என்றாள்.

போய்விட்டாள் என்றேன். காய்ச்சல் என்றும், வார்டில் இருப்பவளிடம் சொன்னால் தாங்கமாட்டாள் என்று மறைத்தோம் என்றும் சொன்னேன். யோசித்து வைத்துச் சொன்னதில்லை. நானே என் குரலைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அவள் அப்படியே பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் நாற்காலி இருந்தது. அதில் உட்கார் என்று நான் சொன்னேன், அவள் காதில் விழவில்லை. கவுனை முகத்தில் வைத்துக்கொண்டு, பெட்டிமேலேயே சரிந்து படுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் போய்விடுவாள் என்று எதிர்பார்த்தேன். மழை பிடித்துக்கொண்டது. காப்பி போட்டுக் கொடுத்தேன், தொடவில்லை.

அப்போது பெட்டிக்குள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. மெதுவாகத்தான்.

"என்னக்கா சத்தம்?"

"மேல்வீட்டம்மா மிளகாய்ச் சம்பல் இடிக்கிறாங்க" என்றேன். எழுந்து போய் ரெடிஃபியூஷன் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன். நாதஸ்வரம் போய்க்கொண்டிருந்தது. துக்க வீட்டில் நாதஸ்வரமா என்று அவள் கேட்கவில்லை. சத்தம் மறுபடியும் கேட்டது, இன்னொரு தடவை கேட்டது, பிறகு நின்றுவிட்டது. நின்றதும் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? என் பிள்ளைக்கு விளையாட்டு நினைவு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டு சமத்தாக இருக்கிறாள் என்று நினைத்தேன். நான் பொய் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லி மூடியைத் திறக்க அந்த மத்தியானம் முழுக்க எனக்கு நேரம் இருந்தது. அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். திறந்தால் அவள் கூட்டிப்போய்விடுவாள். என் கை போகவில்லை.

மழை விட்ட பிறகு லீலா எழுந்தாள். அலமாரியில் இந்த மரம் இருந்தது. எடுத்துப் பொந்துகளில் விரலை விட்டுப் பார்த்தாள். "நான் செஞ்ச அணில் எங்கே?" என்று கேட்டாள். அது அவளோடுதான் இருக்கிறது என்றேன். அதைக் கேட்டு அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது போல. மரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

கதவைச் சாத்தினேன். தட்டில் பன்னை எடுத்து வைத்தேன். "ஜெயிச்சுட்டே கண்மணி, வெளிய வா" என்று சொல்லிக்கொண்டே குச்சியை உருவி மூடியைத் தூக்கினேன். அணிலை இரண்டு கையாலும் வாயில் அழுத்திப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். அப்படிப் பொத்திக்கொள்ளச் சொல்லித் தந்தது நான்தான். தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. தூக்கி மடியில் போட்டுக்கொண்டு முகத்தில் ஊதினேன், உலுக்கினேன். அவள் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

படியில் ஓடிவரும் சத்தம் கேட்டது. லீலாதான். நான் தாழ் போடவில்லை. கீழே மேல்வீட்டு மலாய்க்காரம்மாவைப் பார்த்திருக்கிறாள். அந்தம்மா ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அப்போதுதான் குடையோடு திரும்பி வந்திருக்கிறாள். கண்மணியின் மரத்தை ஏன் எடுத்துப் போகிறாய், பிள்ளை தேடி அழுமே என்று கேட்டிருக்கிறாள். லீலா மூச்சிரைக்க வாசற்படியில் நின்றாள். அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் நான் பார்த்ததே இல்லை. நான் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். மடியில் இருந்தது அவளுக்கு உடனே தெரியவில்லை.

"அக்கா, அவ இருக்காளாம். காலையிலகூட ஊஞ்சல்ல பாத்தாங்களாம். நீங்க பொய்தானே சொன்னீங்க? எனக்குக் கோவமே இல்லக்கா. பொய்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அதற்கப்புறம் சுற்றி வந்து மடியைப் பார்த்தாள். பார்த்த பிறகும் என் காலைப் பிடித்துக்கொண்டு அதையேதான் கேட்டாள், நீங்கள் போலீஸ்காரர்களோடு வந்து அவளைப் பிரித்தெடுக்கும் வரைக்கும். பொய் என்று சொல்லச் சொன்னாள். எப்படிச் சொல்வேன்? நான் அவளிடம் பொய் சொல்லவில்லை, ஐயா. கொஞ்சம் முன்னதாகச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.