பின்சக்கரத்துச் சத்தம்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஆனாலும் சூடாக இருக்கிறது, சந்தோஷம் ஐயா. என் பெயர் தினகரன். கோட்டைக்குப்பம் போகும் வழியில் மெக்கானிக் கடை வைத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. படகு இன்ஜினும் பார்ப்பேன், காரும் பார்ப்பேன். உங்கள் ஜீப்பில்கூட கிளட்ச் தேய்ந்திருக்கிறது. வரும்போதே கவனித்தேன்.

நீங்கள் கேட்டது இளவழகனின் ஆம்னி வேனைப் பற்றி. அவன் என் சித்தப்பா மகன். வண்டிக்குப் பதினெட்டு வயது. நண்டுப் பெட்டியிலிருந்து வடிகிற உப்புத் தண்ணீர் அதன் பின்பக்கத்தையெல்லாம் தின்றுவிட்டது. சம்பவத்துக்கு நாலு நாள் முன்னால் கடைக்கு வந்தான்.

"ண்ணா, பின்னால இன்னாவோ சத்தம் வருது. உள்ள எவனோ உக்காந்து முனகுறா மாதிரி கீது."

சத்தம் கண்டுபிடிப்பதில் அவசரம் கூடாது. அவனை ஓட்டச் சொல்லிவிட்டு நான் பின்னால் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். நண்டு வாடை ஆளைத் தூக்கியது. பள்ளத்தில் விழும்போது மட்டும் டக் டக் என்று ஒன்று கேட்டது. அது ஜாக்கி, மாட்டிய இடத்தை விட்டுக் கழன்று ஆடிக்கொண்டிருந்தது. இன்னொரு சத்தம் வேறு ரகம். வேகம் கூடக் கூட முனகலும் கூடியது. இடது பக்கம் ஒடித்தால் அதிகமானது, வலது பக்கம் ஒடித்தால் அடங்கியது. கடைக்குத் திரும்பி வண்டியைத் தூக்கி நிறுத்தி, வலது பின்சக்கரத்தைக் கையால் சுற்றினேன். மணலை அரைப்பது போல் இருந்தது. மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் சக்கரமே ஆடியது. பேரிங் போய்விட்டது. ஆக்சிலோடு சக்கரம் கழன்று வர ஒரு வாரம்கூட ஆகாது.

"இன்னாண்ணா அது?" என்றான்.

"ஜாக்கி ஆடுதுடா" என்றேன்.

ஏன் என்கிறீர்கள். ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று எங்கள் குப்பத்தில் வருஷத்துக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்குவோம். அந்த உரிமைக்குப் பாடு என்று பெயர். ஒரு வகையறாவுக்கு ஒரு பெயர்தான். குலுக்கும்போது பெயருக்குரியவன் நேரில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த வருஷத்துப் பாடு அடுத்த பங்காளிக்கு. நான் ஸ்பானர் பிடிக்க வந்தபோது எங்கள் வகையறாப் பெயரை இளவழகனுக்கு விட்டுக்கொடுத்தேன். இப்போது என் மகன் ரஞ்சித்குமாருக்கு முப்பத்தொன்று. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கான்ட்ராக்ட் வேலை, இரண்டு மாதம் இருக்கும், மூன்று மாதம் இருக்காது. பெண் கேட்டுப் போன நாலு வீட்டிலும் "பையனுக்குப் பாடு கீதா?" என்பதுதான் முதல் கேள்வி. பெயரை ரஞ்சித்துக்குத் திருப்பிக் கொடு என்று இளவழகனிடம் கேட்டேன். "அடுத்த வருசம் பாத்துக்கலாம்ணா" என்று சிரித்தான். மூன்று வருஷமாக அதே சிரிப்பு.

குலுக்கல் திங்கட்கிழமை பதினொரு மணிக்கு. அன்றும் அவன் காலையில் பொன்னேரிக்கு நண்டு கொண்டுபோய்ப் போட்டுவிட்டுத்தான் திரும்புவான். வழியில் வண்டி படுத்துவிட்டால் நேரத்துக்கு வந்து சேர மாட்டான், அடுத்த பங்காளி நாங்கள்தான். நான் நினைத்தது அவ்வளவுதான். ஜாக்கியைப் பழைய வலைத் துண்டில் சுற்றிக் கட்டினேன். பேரிங்கில் கை நிறைய கிரீஸ் அப்பினேன். முனகல் பாதியாகக் குறைந்தது.

"மீதி டயர் சத்தம். எஃப்.எம். வெச்சிக்கோ, கேக்காது" என்றேன்.

அவனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். மறுநாள் வீட்டிலிருந்து இறால் தொக்கு கொடுத்தனுப்பினான். நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் வண்டி படுக்கவில்லை. திருப்பாலைவனம் தாண்டி இடது வளைவில் சக்கரம் ஆக்சிலோடு வெளியே வந்துவிட்டது. எதிரே நெல் லாரி. மற்றது உங்களுக்கே தெரியும். துக்கம் என்பதால் குலுக்கலைப் பதினாறு நாள் தள்ளிவைத்தார்கள். அவனுக்கு ஆண் வாரிசு இல்லை, பெயர் ரஞ்சித்துக்கு வந்தது. விழுந்த சீட்டு முகத்துவாரத்துப் பக்கம், இறால் நன்றாகப் படுகிற இடம். தை மாதம் கல்யாணம்.

உங்களோடு வந்த மெக்கானிக் கெட்டிக்காரர். நொறுங்கிய பேரிங்கில் புது கிரீஸ் எப்படி என்று ஒரே கேள்வியில் பிடித்துவிட்டார். நான்தான் வைத்தேன். போய்விட்டது என்று தெரிந்தே மூடினேன். அதை மறைக்கவில்லை. ஆனால் கொலை என்று மட்டும் எழுதாதீர்கள் ஐயா. அவன் சாவான் என்று நான் நினைக்கவே இல்லை, லேட்டாக வருவான் என்றுதான் நினைத்தேன்.

நான் ஈரமில்லாதவனும் இல்லை. அவன் மனைவி அர்ச்சனா பொன்னேரியில் தையல் வேலைக்குப் போகிறாள், மகள் பூவிழிக்கும் பள்ளிக்கூடம் அங்கேதான். தினமும் இரண்டு பேரும் அந்த ஆம்னியில்தான் போவார்கள். இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் திங்கட்கிழமை விடிந்ததும் நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். "பெட்டி ஜாஸ்தியா கீது, இன்னிக்கு ஒருநாள் பஸ்ஸுல போங்கம்மா" என்று சொல்லி, இரண்டு பேரையும் பஸ் ஏற்றிவிட்ட பிறகுதான் கடையைத் திறந்தேன்.