சிமியோன் தந்த புகையிலை

தேநீருக்கு நன்றி, இன்ஸ்பெக்டர். பனங்கட்டியும் வைத்திருக்கிறீர்கள். வேறொருவர் போட்டுத் தந்த தேநீரைக் குடித்து ஒரு மாதமாகிறது.

என் பெயர் இராசசிங்கம். மானிப்பாய்ப் பக்கத்தில் முப்பத்தொரு வருடம் இரசாயனம் படிப்பித்தேன். சிமியோன் அங்கே ஆய்வுகூடத்தில் குடுவை கழுவியவன். குருநகரில் அவன் வீட்டின் மேல் ஷெல் விழுந்தபோது என்னிடம் ஐந்து அறைகள் சும்மா கிடந்தன. மனைவி பியாட்றிஸ் இறந்துவிட்டாள், பிள்ளைகள் கனடாவில். வந்து இரு என்றேன், வந்தான்.

பள்ளிக்கூடம் கழித்துவிட்ட தராசும் கண்ணாடிச் சாமான்களும் என்னிடம் இருந்தன. மருதனார்மடத்துத் தோட்டங்களின் புகையிலையில் நிக்கொட்டின் எவ்வளவு என்று பின்னேரங்களில் அளந்தோம். யாரும் கேட்டு அல்ல. நான் துளிதுளியாக விடுவேன். அவன் நிறம் பார்ப்பான். நிறம் மாறியதும் "காணும் மாஸ்ரர்" என்று நிறுத்துவான். என் அளவு ஒருநாளும் அரைத்துளி பிசகியதில்லை, யாரையும் விசாரித்துப் பாருங்கள்.

அவன் வாயில் எந்நேரமும் வெற்றிலையும் புகையிலையும்தான். மாசி மாதம் ஒரு நாள் தன் பொட்டலத்தையே என்னிடம் தந்தான். "உதையும் அளந்து பாருங்கோ." அதிலிருந்து பிரித்தெடுத்ததுதான் உங்கள் மேசையிலிருக்கும் சின்னப் போத்தலில் இருந்தது.

பங்குனியில் கொழும்பிலிருந்து அவன் மகள் யசிந்தாவின் கடிதம் வந்தது. யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறுவதற்கான பாசும் கிடைத்துவிட்டது.

"செவ்வாய்க்கிழமை கிளாலியாலை படகிலை போறன், மாஸ்ரர். உயிர்த்த ஞாயிறுக்கு மகளோடை இருக்கலாம்."

"ஓம், போட்டு வா."

"இனி எங்கை வாறது?" என்று சிரித்தான்.

எனக்கு அழுகை வந்தது. கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன். ஐந்து அறைகளையும் ஒவ்வொன்றாகப் பூட்டித் திறந்து பார்த்தேன்.

பாசுக்குத் திகதி உண்டு. தப்பினால் மறுபடி மாதக்கணக்கில் அலைய வேண்டும். அவன் இரண்டு நாள் வயிற்றைப் பிரட்டிப் படுத்தால் போதும் என்றுதான் நினைத்தேன். புதிதாய்ப் பழகுகிறவனுக்கு ஆகாத அளவு, நாளுக்குப் பத்துத் தடவை சப்புகிறவனுக்கு வெறும் வாந்தி. அப்படித்தான் கணக்கிட்டேன்.

திங்கட்கிழமை கோப்பி நான் போட்டேன். எப்போதும் போடுகிறவன் அவன். என் கையால் வாங்கும்போது கண் கலங்கினான்.

"கைக்குது, மாஸ்ரர்."

"மல்லி கூடிப்போச்சு. குடி."

குடித்தான். என் சொல்லை அவன் தட்டியதில்லை. ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிட்டது. கடைசிவரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் எங்கும் போகவில்லை என்பது அப்போதும் எனக்கு ஆறுதலாக இருந்தது.

என் பிழை ஒன்றே ஒன்று. கத்தோலிக்கர் விபூதிப் புதனில் தொடங்கும் தவக்காலத்தில் விருப்பமானது ஒன்றை விட்டுவிடுவார்கள். அவன் நாற்பது நாளாகப் புகையிலையைத் தொட்டிருக்கவில்லை, உடம்புக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. நான் வேறு சபைக்காரன். எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை. அதனால் அது என் நினைவில் வரவேயில்லை. மறதிக்கு என்ன தண்டனையோ அதைத் தாருங்கள், நியாயமாக ஏற்றுக்கொள்கிறேன்.

போத்தலைத் திருப்பிப் பார்க்கிறீர்கள். ஓம், ஒட்டியிருக்கும் துண்டில் என் கையெழுத்துத்தான். எந்த மாதிரிக்கும் விபரம் எழுதாமல் விடமாட்டேன்: "சிமியோன் நோன்புக்கு விட்ட புகையிலை. விபூதிப் புதன், 1993."