தாத்தா பேருக்கு முன்னால்

காந்திபுரத்தில் கிளம்பிய சூலூர் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள். ஜன்னலோரத்துப் பெண் சொன்னதைக் கேட்டுத்தான் நான் காதில் ஓடிய பாட்டை நிறுத்தினேன்.

"செத்துப்போன எங்க தாத்தாவை அவ உசுரோட உக்கார வெச்சுட்டாடி."

"யாரு?"

"எங்க சித்தப்பா பொண்ணு. அக்கா கல்யாணப் பத்திரிகை அவ டிசைன்தான். தாத்தா பேருக்கு முன்னால 'தெய்வத்திரு' போடோணுமல்ல? வரியெல்லாம் ஒரே அளவா நிக்கோணும்னு அதை எடுத்துப்போட்டா."

"நீதான டிசைன் படிக்கறே? உங்கிட்டக் கேக்கலியா?"

"நான் மூணு வருசமா அதையேதான் படிக்கறேன். அவ பி.காம். கிராபிக் டிசைன் அவளுக்கு மைனர், சும்மா துணைப்பாடம், வாரத்துக்கு ரெண்டே க்ளாஸ். எங்கம்மா அவளைத்தான் கூப்புட்டாங்க. எனக்குப் படிக்கற வேலை இருக்குதாமா."

தோழி அவள் போனை வாங்கி, பத்திரிகையைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"நல்லாத்தான்டி இருக்குது."

"தெரியும். ரெண்டு நாளாத் தேடறேன், வேற ஒரு தப்பும் கெடைக்கல."

"சொந்தக்காரங்க சும்மா உடமாட்டாங்க. அம்மாகிட்டச் சொல்லிட்டியா?"

சிங்காநல்லூர் தாண்டும்போது தோழியின் கையிலேயே போன் அடித்தது.

"உங்கம்மாதான்," என்று நீட்டினாள்.

"சொல்லுங்கம்மா. பிரஸ்ஸுக்குப் போயிட்டீங்களா? பார்த்துட்டேனுங்க. ரொம்ப நல்லா இருக்குதுங்க. ஒண்ணும் மாத்த வேண்டாம், அடிக்கச் சொல்லிருங்க."